ஆறாம் நம்பர் கம்பு எத்தனை கிலோ தாங்கும்?

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் நின்று நான் ஃப்ளை தூண்டில் நூலை வீசும் நாட்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று கேட்பார்: "இந்தக் கம்பு எத்தன கிலோ தாங்கும் அண்ணே?" கம்பின் பிடிக்கு மேலே 6 என்று எழுதியிருக்கும். அதைப் பார்த்து ஆறு கிலோ என்று அவராகவே முடிவும் செய்திருப்பார்.

நோர்வூட் பக்கத்துத் தம்பி ஒருவன் இந்தக் கணக்கை நம்பித்தான் சாமான் வாங்கினான். பெரிய மீன் பிடிக்கவேண்டும் என்று 9ஆம் நம்பர் கம்பு. கடையில் இருந்த நூல் 5ஆம் நம்பர். நூல்தானே, எதுவானால் என்ன என்று அதையே வாங்கிக்கொண்டான். கையிலிருந்த பணத்தில் பாதிக்கு மேல் ஒரு பளபளப்பான ரீலுக்குப் போனது. மூன்று வாரம் வீசியும் நூல் அவன் காலடியிலேயே சுருண்டு விழுந்தது. தனக்குக் கைவரவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அவன் கையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய சாமான்தான் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

ஃப்ளை ஃபிஷிங் துரைமார் விளையாட்டு, லட்சக்கணக்கில் செலவாகும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வேண்டுமானால் அவ்வளவும் செலவழிக்கலாம். ஆனால் தொடங்குவதற்கு அது தேவையே இல்லை. எதில் காசு போடவேண்டும், எதில் போடக்கூடாது என்று தெரியாததால்தான் பலருக்குச் செலவு ஏறுகிறது. அது தெரியவேண்டுமானால், இந்தத் தூண்டில் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும்.

## கல்லும் பஞ்சும்

ஒரு சின்னக் கல்லை ஆற்றில் எறிந்துபாருங்கள். அப்புறம் ஒரு பஞ்சு உருண்டையை அதே வேகத்தில் எறியுங்கள். கல் அக்கரைக்குப் போகும். பஞ்சு இரண்டடி போய் விழுந்துவிடும். கையின் பலம் ஒன்றுதான், ஆனால் எறிகிற பொருளுக்கு எடை வேண்டும்.

நாம் பழகிய ரீல் தூண்டிலில் அந்த எடையைத் தருவது ஈயக் குண்டு. கல்லைப்போல அது பறந்து போகும்போது மெல்லிய தங்கூசி (நைலான்) நூல் அதன் பின்னால் இழுபட்டுப் போகிறது. இங்கே எறிபடுவது குண்டு, நூல் வெறுமனே கூடப் போகிறது.

ஃப்ளை என்பது கொக்கியில் இறகும் நூலும் சுற்றி, பூச்சி போலவோ குஞ்சு மீன் போலவோ செய்த போலி இரை. இனி இதைப் பூச்சி என்றே சொல்கிறேன். (உயிருள்ள ஈயைப் பிடித்துக் கொக்கியில் குத்துவது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி இல்லை.) பெரும்பாலான பூச்சிகள் ஒரு கிராம்கூட வராது. நம் பஞ்சு உருண்டைதான் அது. ஈயம் கட்டினால் தூரம் போகும், ஆனால் பொத்தென்று விழுகிற சத்தத்தில் கரையோர மீன் ஓடிவிடும்.

அப்படியானால் எடைக்கு எங்கே போவது? நூலையே கனமாக்கினார்கள். ஃப்ளை லைன் எனப்படும் இந்தத் தூண்டில் நூல், பின்னிய நூலின் மேல் பிளாஸ்டிக் பூசிச் செய்தது. தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கையில் எடுத்தால் கயிறு போல இருக்கும். எறிபடுவது இந்த நூல். பூச்சி அதன் முனையில் ஒட்டிக்கொண்டு போகிறது.

நூல் எப்படிப் பறக்கும் என்று கேட்பீர்கள். மரக்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் அடிக்கிற ஹோஸ் தூரத்தில் ஒரு கோவாச் செடியில் மாட்டிக்கொண்டால் யாரும் நடந்து போய் எடுப்பதில்லை. கையிலிருக்கும் முனையை ஒரு உதறு உதறுவோம். அந்த உதறல் ஒரு வளைவாக ஹோஸ் வழியே ஓடிப்போய் அந்தப் பக்கத்தைத் தூக்கி எடுத்துவிடும். இதுவும் அதே வேலைதான். கை கொடுத்த உதறல் நூலுக்குள் ஒரு வளைவாக ஓடி, நுனிவரை போய் விரிகிறது.

கம்பின் வேலை என்ன? சின்ன வயதில் குச்சி நுனியில் களிமண் உருண்டை குத்தி வீசி விளையாடியிருப்போம். குச்சியை எவ்வளவு வேகமாகச் சுழற்றினாலும் உருண்டை பறப்பது குச்சியைச் சட்டென்று நிறுத்தும்போதுதான். வளைந்த குச்சி நிமிரும், உருண்டை கிளம்பும். ஃப்ளை கம்பும் நூலின் எடையால் வளைகிறது, கை நின்றதும் நிமிர்கிறது, நூலை முன்னால் அனுப்புகிறது. நூலில் போதிய எடை இல்லாவிட்டால் கம்பு வளையாது. வளையாத கம்பு வெறும் குச்சி.

சுருக்கமாக: ரீல் தூண்டிலில் ஈயத்தை வீசுகிறோம், ஃப்ளை தூண்டிலில் நூலை வீசுகிறோம். நூலின் எடை கம்பை வளைக்கிறது, கம்பு நிமிர்ந்து நூலை அனுப்புகிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தவேண்டும்.

## அந்த 6 என்ன?

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்று தூளைப் பிரிக்கிறோம். இதெல்லாம் சல்லடையில் பிரிந்த துகளின் அளவைச் சொல்கிற பெயர்கள். எந்தத் தூள் ருசி, எது ருசியில்லை என்று அந்தப் பெயர் சொல்வதில்லை. தூண்டில் நம்பரும் அப்படி ஓர் அளவுதான்.

நூலின் முன்பக்கத்து 30 அடி எவ்வளவு எடை இருக்கிறது என்பதே அந்த நம்பர். அமெரிக்காவின் தூண்டில் சாமான் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அளவு இது, உலகமெங்கும் இதையே பின்பற்றுகிறார்கள். 5ஆம் நம்பர் நூலின் முதல் 30 அடி ஏறத்தாழ 9.1 கிராம். 6ஆம் நம்பர் 10.4 கிராம். 9ஆம் நம்பர் 15.5 கிராம். ஒரு கோப்பைக்கு இரண்டு கிராம் தூள் என்று வைத்தால், 6ஆம் நம்பர் நூல் என்பது ஐந்து கோப்பைத் தேநீருக்குப் போடும் தூளின் எடை. அவ்வளவுதான்.

கம்பில் 6 என்று எழுதியிருந்தால், 6ஆம் நம்பர் நூலின் எடைக்கு இந்தக் கம்பு சரியாக வளையும் என்று அர்த்தம். மீனின் எடைக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

இப்போது அந்தத் தம்பியின் கதையைத் திரும்பப் பாருங்கள். அவனுடைய கம்பு 15.5 கிராம் கேட்கிறது. அவன் கொடுத்தது 9.1. கம்பு அசையவே இல்லை. விஷயம் தெரிந்த பிறகு அவன் புதுக் கம்பு வாங்கவில்லை. 9ஆம் நம்பர் நூல் மட்டும் வாங்கினான். அன்று பின்னேரமே தோட்டத்து மைதானத்தில் நூல் நேராகப் போய் விழுந்தது. அவன் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

## ட்ரவுட் இல்லாத ஊரில் எதற்கு இது?

ஃப்ளை தூண்டில் என்றாலே ட்ரவுட் மீனுக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். நமக்கு எந்த மீன் என்று கேட்காமல் எந்த நம்பர் வாங்குவது என்று முடிவு செய்ய முடியாது. ஆங்கிலேயர்கள் 1880களில் பிரவுன் ட்ரவுட் மீனை நுவரெலியாப் பக்கத்து ஓடைகளுக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ரெய்ன்போ ட்ரவுட் வந்தது. ஹோர்ட்டன் சமவெளியின் குளிர்ந்த நீரில் தங்கியது அந்த ரெய்ன்போதான். அங்கிருந்து வந்ததுதான் துரைமார் விளையாட்டு என்ற பேச்சும். ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசியப் பூங்கா. அங்கே தூண்டிலோடு போய் நிற்கலாம் என்று நினைத்துச் சாமான் வாங்காதீர்கள்.

பூச்சியை எடுப்பது ட்ரவுட் மட்டும் இல்லை. 1952இல் இலங்கைக்கு வந்த திலாப்பியா இன்று நம் நீர்த்தேக்கங்களில் நிறைந்திருக்கிறது. காசல்ரீயோ மவுசாகலையோ, கரையோரத்தில் மெதுவாகத் தாழ்கிற ஒரு சின்னப் பூச்சியை அது எடுக்கும். கார்ப் எடுக்கும். தாழ்நிலத்துக்குப் போனால் விரால் பாய்ந்து எடுக்கும். எந்த நீர்நிலையானாலும் அங்கே யாருடைய அனுமதி வேண்டும் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அணைக்கட்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர்கள் தொடங்குபவர்களுக்கு 5ஆம் நம்பர், 9 அடி என்று சொல்வது வழக்கம். ஓடைக்கு அது சரி. நம் ஆட்களில் பெரும்பாலானோர் நிற்கப்போவது நீர்த்தேக்கக் கரையில், மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் காற்று முகத்தில் அடிக்கிற இடத்தில். காற்றுக்குள் போக நூலுக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். அதனால் என் முடிவு 6ஆம் நம்பர், 9 அடி. நான்கு துண்டாகக் கழற்றக்கூடியதாக இருந்தால் ஹட்டன் பஸ்ஸில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கொண்டுபோகலாம்.

## காசு போகவேண்டிய இடம் நூல்

கையிலிருக்கும் பணத்தைப் பத்துப் பங்காகப் பிரித்தால், நான் நூலுக்கு நான்கு பங்கும் கம்புக்கு நான்கு பங்கும் வைப்பேன். ரீலுக்கு ஒன்று, மிச்ச எல்லாவற்றுக்கும் ஒன்று. கடைக்காரர்கள் பொதுவாக இதைத் தலைகீழாகச் சொல்வார்கள், ஏனென்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுங்குவது ரீல்.

நூலுக்கு ஏன் இவ்வளவு? மலிவு நூலின் பூச்சு சொரசொரப்பாக இருக்கும், குளிரில் விறைத்துக் கம்பிச் சுருள் போல நிற்கும். நுவரெலியாக் காலையில் இதைக் கையில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நல்ல நூல் இருந்தால் மட்டமான கம்பை வைத்தும் வீசிவிடலாம். மட்டமான நூலோடு எவ்வளவு விலையுயர்ந்த கம்பும் வேலை செய்யாது. கம்பு, ரீல், நூல் மூன்றும் ஒரே பெட்டியில் வருகிற செட் வாங்கினாலும் பரவாயில்லை. கம்பு பெரும்பாலும் தேறும், பின்னால் நூலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

நூல் பெட்டியில் டபிள்யூ-எஃப்-6-எஃப் என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். முதல் இரண்டு எழுத்தும் எடை முன்பக்கம் கூடியிருக்கிற வடிவத்தைச் சொல்கின்றன. 6 நம்பர். கடைசி எஃப் மிதக்கும் நூல் என்று சொல்கிறது. தொடக்கத்துக்கு மிதக்கும் நூல் ஒன்று போதும். தாழும் நூலைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கொசு வராமலிருக்கப் பூசும் மருந்துகள் சிலவற்றில் டீட் என்ற இரசாயனம் இருக்கிறது. அது சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும். பூசிய கையோடு நூலைத் தொட்டால் பூச்சு பிசுபிசுத்து வெடித்துவிடும். மருந்து பூசினால் உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு நூலைத் தொடுங்கள். நூலையும் அவ்வப்போது இளஞ்சூட்டுச் சவர்க்கார நீரில் கழுவித் துணியால் துடைத்தால் பல வருடம் வரும்.

## கம்பைப் பார்த்து வாங்குவது

கடைகளில் கிடைக்கும் கம்புகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஃபைபர் கிளாஸ் கனமானது, மெதுவாக வளையும், முரட்டுத்தனத்தைத் தாங்கும், மலிவு. கார்பன் இலேசானது, விறைப்பானது, அடிபட்டால் விண்டுபோகும். இன்று கார்பன் கம்புகளும் மலிவாகக் கிடைக்கின்றன. தொடங்குபவருக்கு இரண்டில் எதுவும் பிழையில்லை. விறைப்பான கம்பு அதிக தூரம் போகும் என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். தொடக்கத்தில் மிதமாக வளைகிற கம்பே நல்லது. அது வளைவது கைக்குத் தெரியும், எப்போது நிறுத்தவேண்டும் என்பதையும் அதுவே சொல்லிக்கொடுக்கும்.

பழைய கம்பு வாங்குவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் கடையிலோ வீட்டிலோ துண்டுகளை மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மூட்டுகள் ஆடக்கூடாது. பிடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்தால் நூல் போகும் வளையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியவேண்டும். கொஞ்சம் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுற்றுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு மாட்டும். அந்த வெடிப்பு நல்ல நூலை ஒரே மாதத்தில் சீவிவிடும்.

ரீலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அரைக்கிலோ திலாப்பியாவைக் கையால் நூலை இழுத்தே கரைசேர்ப்போம். ரீல், நூல் சுற்றிவைக்கிற உருளை. அது சுற்றவேண்டும், தானாக நூலை விட்டுச் சிக்கலாக்கக்கூடாது, 6ஆம் நம்பர் நூல் முழுவதும் கொள்ளவேண்டும். ஓடுகிற பெரிய கார்ப் மீனுக்குப் பிரேக் உள்ள ரீல் தேவைப்படும். அந்த நாள் வரும்போது வாங்கிக்கொள்ளலாம்.

சுருக்கமாக: மிதக்கும் 6ஆம் நம்பர் நூல், அதே நம்பர் எழுதிய 9 அடிக் கம்பு, ஏதாவது ஒரு ரீல். நூலில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

## கிலோ கேள்விக்கு விடை

தடித்த நூலில் நேரடியாகப் பூச்சியைக் கட்ட முடியாது. மீன் பார்த்துவிடும். அதனால் நூலுக்கும் பூச்சிக்கும் நடுவில் ஏறத்தாழ ஒன்பது அடி நீளத்துக்கு நிறமில்லாத தங்கூசி வரும். இதற்குப் பெயர் லீடர். மாட்டுச் சாட்டை போல அடி தடித்து, நுனி மெலிந்து இருக்கவேண்டும். நூலில் ஓடிவந்த வேகம் மெலிகிற தங்கூசி வழியே படிப்படியாக அடங்கி, பூச்சியை மெதுவாகத் தண்ணீரில் வைக்கிறது.

கடையில் லீடர் பொட்டலமாக விற்கிறார்கள். அந்தக் காசும் தேவையில்லை. மீன்பிடிச் சாமான் கடையில் நான்கு தடிப்பில் தங்கூசி வாங்கி நானே முடிந்துகொள்கிறேன்: 0.45 மி.மீ. தடிப்பில் 120 செ.மீ., 0.35இல் 50, 0.28இல் 40, கடைசியில் 0.20 மி.மீ. தடிப்பில் 60 செ.மீ. எல்லாம் சேர்ந்தால் 270 செ.மீ. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் ஈரமாக்குங்கள். உலர்ந்த தங்கூசி இறுகும்போது சூடேறிப் பலம் இழக்கும்.

அந்தக் கடைசி 60 செ.மீ. துண்டுக்கு டிப்பெட் என்று பெயர். சாதாரணத் தங்கூசியில் 0.20 மி.மீ. தடிப்பு இரண்டு மூன்று கிலோ இழுவையைத் தாங்கும். கம்பு, நூல், ரீல் எல்லாவற்றிலும் முதலில் அறுவது இதுதான். ஆகவே எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்கிறவர் கம்பைப் பார்க்கக்கூடாது, இந்தத் துண்டைப் பார்க்கவேண்டும். கம்பு வளைந்து கொடுத்து இழுவையை வாங்கிக்கொள்வதால், மெல்லிய டிப்பெட்டிலும் அதைவிடக் கனமான மீனை அவசரப்படாமல் கரைசேர்க்க முடிகிறது.

கடைப் பொட்டலத்தில் 3எக்ஸ், 4எக்ஸ் என்று இருந்தால் பயப்படாதீர்கள். 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, தடிப்பு அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 3எக்ஸ் என்றால் ஆயிரத்தில் எட்டு, அதாவது 0.20 மி.மீ. எண் ஏற ஏற டிப்பெட் மெலியும்.

## பூச்சிக்கு நாட்டுச் சேவல்

கடையில் ஐம்பது பூச்சி வாங்கிப் பெட்டியில் அடுக்குவது தொடக்கக்காரர்களின் இன்னொரு வீண்செலவு. இரண்டு வகை போதும்: தண்ணீருக்குள் தாழ்கிற, பூச்சிக் குடம்பி போன்ற சின்னது ஒன்று, வால் ஆட்டுகிற கறுப்புக் குஞ்சு மீன் போன்றது ஒன்று. கொக்கி 10 முதல் 14 வரை. கொக்கி நம்பரும் தலைகீழ்: எண் ஏறினால் கொக்கி சிறிது.

இவற்றைக் கட்ட விலைகொடுத்து இறகு வாங்குகிறார்கள். வீட்டுக்கு வீடு சேவல் நிற்கிற ஊரில் அது எதற்கு? சேவலின் கழுத்து இறகு நீளமாக, மெல்லியதாக, மினுக்கமாக இருக்கும். கொக்கியில் சுற்றினால் அதன் இழைகள் பூச்சிக் கால்களைப் போல விரிந்து நிற்கும். தையல் நூல், பழைய ஸ்வெட்டரிலிருந்து உருவிய மண்ணிறக் கம்பளி, நகப்பூச்சு ஒரு சொட்டு. என் பெட்டியில் திலாப்பியா அதிகம் எடுத்த பூச்சி கம்பளியும் சேவல் இறகும் மட்டும் வைத்துக் கட்டியது.

மவுசாகலையில் தண்ணீர் வற்றும் காலத்தில், நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயில் வெளியே தெரியும். பார்க்கப் போகிறவர்கள் கரையின் அமைப்பையும் பார்த்துவையுங்கள். கல் கட்டு, மரக்கட்டை, பழைய பாதையின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொண்டால், தண்ணீர் ஏறிய பிறகு மீன் நிற்கும் இடமும் பூச்சி சிக்கி அறுபடும் இடமும் தெரிந்திருக்கும்.

## முதலில் மைதானம்

வாங்கிய சாமானை நேராகத் தண்ணீருக்குக் கொண்டுபோகாதீர்கள். புல் தரைக்குக் கொண்டுபோங்கள். போகுமுன் தலைக்கு மேலே பாருங்கள். தோட்டங்களில் கரண்ட் கம்பிகள் தாழ்ந்து போகும் இடங்கள் நிறைய. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். உயர்த்திப் பிடித்த 9 அடிக் கம்பு ஓர் ஆளைவிட மிக உயரத்துக்குப் போகும். கம்பி உள்ள இடத்திலும், இடி முழங்கும்போதும் கம்பை மாட்டவே கூடாது.

கொக்கி இல்லாமல், லீடர் நுனியில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்றைக் கட்டுங்கள். 30 அடி நூலை முன்னால் நேராகப் போட்டு, கம்பைத் தூக்கிப் பின்னால் வீசி, காதுக்குச் சற்றுப் பின்னால் வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள். இப்போது பொறுங்கள். நூல் பின்னால் முழுதாக நீளும்வரை பொறுக்கவேண்டும். திரும்பிப் பார்த்தே பழகுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நீண்டதும் முன்னால் வீசி, மறுபடியும் சட்டென்று நிறுத்துங்கள். பின்னால் சாட்டைபோல் சுளீர் என்று கேட்டால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கொக்கி கட்டியிருந்தால் பூச்சி அந்த இடத்திலேயே அறுந்து போயிருக்கும்.

கம்பளி போய் விழுகிற தூரத்தில் ஒரு பழைய அலுமினியத் தட்டை வையுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், கை வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். பத்துத் தடவை வீசி மூன்று தடவை கம்பளி தட்டுக்குப் பக்கத்தில் விழத் தொடங்கியதும், கம்பளியை வெட்டிவிட்டுச் சேவல் இறகைக் கட்டலாம். காற்று எழும்புமுன், விடிகாலையில் கரைக்குப் போங்கள்.